ரெஜினாவின் ரெக்கார்டு நோட்டு

எங்கள் வகுப்பு வாட்ஸப் குழுவில் யாருக்குப் பிறந்தநாள் வந்தாலும் முதல் வாழ்த்து ரெஜினாவிடமிருந்துதான் வரும். விடிகாலை நாலரை மணிவாக்கில். கேக் படமோ பூப்படமோ இருக்காது. வருகைப் பதிவேட்டில் இருப்பதுபோல் முன்னெழுத்தோடு பெயர், அடுத்த வரியில் "பிறந்தநாள் வாழ்த்துகள்". அவ்வளவுதான். குழு தொடங்கி ஒன்பது வருடமாக ஒருவருடைய பிறந்தநாளையும் அவள் விட்டதில்லை. வேறு ஒரு வார்த்தை எழுதியதுமில்லை.

எல்லாருடைய பிறந்த தேதியும் அவளுக்கு எப்படித் தெரியும் என்று யாரும் கேட்டதில்லை. ராமநாதபுரத்தில் நாங்கள் பி.எஸ்சி. விலங்கியல் சேர்ந்த வருடம், பரீட்சை விண்ணப்பத்தைக் கையில் வாங்கியதும் பாதிப்பேருக்கு நடுக்கம் வந்துவிட்டது. எங்கள் வீடுகளில் அதற்குமுன் யாரும் அப்படி ஒரு படிவத்தைத் தொட்டதில்லை. அடித்தல் திருத்தல் இருந்தால் செல்லாது என்று கிளார்க் வேறு மிரட்டியிருந்தார். ரெஜினா தங்கச்சிமடத்திலிருந்து பஸ்ஸில் வந்துபோகிறவள், அப்பாவுக்குக் கடல் தொழில். "குடுங்க, நான் நெரப்புறேன்" என்று ஒவ்வொருவரிடமாக வாங்கி அவள்தான் நிரப்பித் தந்தாள். ஆறு செமஸ்டரும் அப்படித்தான். முப்பத்துநாலு பேரின் பிறந்த தேதியும் ஆறு தடவை அவள் கையால் எழுதப்பட்டிருக்கிறது.

படங்களும் அவள் கைதான். செய்முறைப் பாடத்துக்கு ரெக்கார்டு நோட்டு என்று ஒன்று உண்டு. ஒவ்வொரு உயிரையும் வரைந்து, பாகம் குறித்து, ஆசிரியரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். கடைசியில் துறைத்தலைவர் முதல் பக்கத்தில் சான்றளித்தால்தான் செய்முறைத் தேர்வுக்குள் விடுவார்கள். எங்களில் வரையத் தெரிந்தவர்கள் குறைவு. மதியச் சாப்பாட்டு நேரத்தில் ரெஜினாவைச் சுற்றி நோட்டுகள் அடுக்கியிருக்கும். இறாலின் கால்களைத் தனித்தனியாகப் பிரித்து அவள் வரைகிறபோது, ஆய்வகத்தில் இருந்த இறாலைவிட அது உயிரோடு இருக்கும்.

இந்த டிசம்பர் இருபத்தெட்டாம் தேதி, படிப்பு முடிந்து பத்து வருடம் ஆனதற்காக எல்லாரும் கூடுவதாக ஏற்பாடு. இன்சூரன்ஸ் ஏஜெண்டாக இருக்கும் யோகேஸ்வரன்தான் முன்னால் நின்று செய்கிறான். மலர் ஒன்று போடப்போகிறோம், ஆளுக்கு ஒரு போட்டோவும் அரைப்பக்கமும் அனுப்புங்கள் என்று அறிவித்ததிலிருந்து குழுவில் ஒரே செய்தி மழை. ஒருவன் கிராம நிர்வாக அலுவலர் ஆகிவிட்டான். ஒருத்திக்கு மூன்றாவதும் பெண் பிள்ளை. ஒருவன் பரமக்குடியில் கட்டிய வீட்டின் மாடிப்படியை மட்டும் ஏழு கோணத்தில் படம் எடுத்துப் போட்டான். அந்த அமளிக்கு நடுவில்தான், நவம்பர் கடைசியில், ரெஜினாவிடமிருந்து பிறந்தநாள் வாழ்த்து அல்லாத முதல் செய்தி வந்தது.

"வணக்கம். மூன்றாம் ஆண்டு செய்முறை ரெக்கார்டு நோட்டு யாரிடமாவது இருந்தால் தெரிவிக்கவும். அவசரம்."

புதுமடத்துக்காரன் காஜா நவாஸ் சவூதியில் தமாமிலிருந்து எழுதினான்: "அதெல்லாம் அன்னைக்கே வடை மடிக்கப் போயிருச்சு தங்கச்சி."

யோகேஸ்வரன் விடவில்லை: "பஸ்ல தொலைச்ச நோட்ட இன்னுமா தேடுற? கண்டக்டர் ரிட்டயர் ஆகியிருப்பாரேம்மா!"

அதற்குக் கீழே பதினொரு பேர் சிரிப்புப் பொம்மை போட்டிருந்தார்கள். அந்தப் பதினொரு பேரில் நானும் ஒருத்தி.

நோட்டு என்னிடம்தான் இருந்தது.

அதைச் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் வருடம் மாசி, பங்குனியில், பரமக்குடிக்குத் தெற்கே எங்கள் ஊரில் மிளகாய் எடுப்பு. எங்களுக்குச் சொந்த நிலம் கிடையாது. அய்யாவும் அம்மாவும் கூலிக்குப் போனார்கள், நானும் போனேன். கல்லூரிக்குத் திரும்பியபோது செய்முறைத் தேர்வுக்கு ஐந்து நாள் இருந்தது. என் நோட்டில் நாலு படம்தான் இருந்தது. ரெஜினா, சனிக்கிழமை, எல்லாக் கையெழுத்தும் வாங்கி முடித்திருந்த தன் நோட்டை என்னிடம் கொடுத்தாள். "பாத்து வரைஞ்சுட்டு திங்கக்கிழம கொண்டாந்துரு ராக்கு." ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வரை முயன்றேன். மிளகாய்க் காந்தல் விரலில் எரிய எரிய வரைந்த தவளை, சப்பிப்போட்ட மாங்கொட்டை மாதிரி வந்தது. அதன்பிறகு ஒரு பிளேடை எடுத்தேன். அவள் பெயர் எழுதிய முதல் பக்கத்தை ஒட்ட வெட்டினேன். என் நோட்டின் முதல் பக்கத்தை அங்கே ஒட்டி, புது அட்டை போட்டு, என் பெயரை எழுதினேன். திங்கட்கிழமை அதற்குத் துறைத்தலைவரின் சான்றையும் வாங்கிவிட்டு, அவளிடம், பஸ்ஸில் விட்டுவிட்டேன் என்று அழுதேன். அழுகை நிஜமாகவே வந்தது. அது எப்படி வந்தது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

அவளைத் தேர்வுக்குள் விடவில்லை. நான் பாஸானேன், பி.எட். முடித்தேன், இப்போது ராமநாதபுரத்தில் தனியார் பள்ளி ஒன்றில் அறிவியல் டீச்சர். அந்த நோட்டைத்தான் பிள்ளைகளுக்குக் காட்டி வரையச் சொல்வேன். "மிஸ், நீங்க வரைஞ்சதா? சூப்பர் மிஸ்" என்பார்கள். நான் மறுத்ததில்லை.

யோகேஸ்வரன் போன் செய்தான். "ஏ ராக்கெட்டு, ரெஜினாட்டருந்து மட்டும் அரைப்பக்கம் வரல. நீதான அவளுக்கு நெருக்கம்? நேர்ல போயி வாங்கிட்டு வந்துரு." ஞாயிற்றுக்கிழமை தங்கச்சிமடம் போனேன். பையில் நோட்டையும் வைத்துக்கொண்டேன். பழைய பெட்டியில் கிடைத்தது என்று சொல்லிக் கொடுத்துவிட்டால் தீர்ந்துபோகும் என்று நினைத்தேனா, அவள் கண்டுபிடிக்கட்டும் என்று நினைத்தேனா, தெரியவில்லை.

அவள் மாதா கோயில் பூசை முடிந்து வந்து மீன் கழுவிக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் கோயிலில் மறைக்கல்வி வகுப்புக்குப் போயிருந்தார்கள்.

"வா புள்ள. டீச்சரம்மா வருவீகன்னு தெரிஞ்சிருந்தா நாற்காலி வாடகைக்கு எடுத்திருப்பேன்."

விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கியிருந்தது. குறுக்கும் நெடுக்குமாகக் கீறல். ஒன்பது வருடமாக அவள் நண்டு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். அவித்த நண்டின் ஓட்டை உடைத்துச் சதையை உரித்துத் தரம் பிரிக்கிற வேலை. விடிகாலை ஐந்து மணிக்கு உள்ளே போனால் மூன்று மணிக்கு வெளியே.

"எதுக்கு இப்ப அந்த நோட்டு?" என்று கேட்டேன்.

"பழைய அரியர்காரங்களுக்குப் பழைய சிலபஸ்லயே கடைசியா ஒரு வாய்ப்பு குடுத்திருக்காங்க. அஞ்சாம் தேதிக்குள்ள சான்று போட்ட நோட்டக் காட்டிப் பணம் கட்டணும். எனக்கு இருக்கறது அந்த ஒரே ஒரு செய்முறைதான்." பாத்திரத்தை நகர்த்தி வைத்தாள். "கம்பெனில தரம் பாக்குற ஆள் எடுக்கறாங்க. பி.எஸ்சி. வேணும். போன தடவ நம்ம காலேஜ்ல படிச்ச சின்னப் புள்ள ஒண்ணத்தான் எடுத்தாங்க. எது முதுகுச் சதை, எது கால் சதைன்னு அதுக்கு நாந்தான் சொல்லிக் குடுத்தேன். இப்ப அது கோட்டு மாட்டிக்கிட்டு, 'அக்கா, இதுல ஓடு கெடக்கு, திரும்பப் பாருங்க'ன்னு என் தட்டத் தள்ளிவிடுது. கெட்ட புள்ள இல்ல. அது வேலைய அது பாக்குது."

"அடுத்த வருசமே எழுதியிருக்கலாமே நீ."

"எழுதியிருக்கலாம். சிலபஸ் மாத்திட்டாக, எல்லாத்தையும் புதுசா வரையச் சொன்னாக. பென்சிலக் கையில எடுத்தாலே ஆத்திரம் வந்துச்சு. அப்பறம் அப்பா படுத்துட்டாரு, கம்பெனிக்குப் போயிட்டேன்."

நோட்டை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். அவள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு திறந்தாள். படம் எதையும் பார்க்கவில்லை. முதல் பக்கத்தைப் புரட்டி, வெட்டிய தாளின் மிச்சம் நூலோடு ஒட்டிக்கொண்டிருந்த இடத்தை விரலால் தடவினாள்.

"பிளேடா? கத்திரியா?"

"பிளேடு."

"அதான் இவ்வளவு நேரா இருக்கு."

"ஒனக்குத் தெரியுமா?"

"பரீட்ச அன்னைக்கே தெரியும்டீ. உள்ள விடுவாகளான்னு லேப் வாசல்ல நின்னேன். அடுக்குல மேலாக இருந்த நோட்ட அட்டெண்டர் பொரட்டுறாரு, என் இறாலு. நேரா எச்ஓடிட்டப் போயிச் சொன்னேன். ஒம் பேரச் சொல்லித்தான் சொன்னேன். நான் ஒண்ணும் வாயில்லாப் பூச்சி இல்ல."

"அவரு என்ன சொன்னாரு?"

"சிரிச்சாரு. 'ஏம்மா, இந்த கிளாஸ்ல பாதி நோட்டு ஒன் கைதான். எதத் தொறந்தாலும் ஒன் இறாலுதான் நிக்குது. எல்லாத்தையும் எந்நோட்டுன்னு கேப்பியா'ன்னாரு. அவர் கேட்டதும் நாயந்தான?" நோட்டை மூடினாள். "அதுக்கு முன்னாடி ரெண்டு நாளு பரமக்குடி பஸ் ஸ்டாண்டுல ஒவ்வொரு பஸ்ஸா ஏறி சீட்டுக்கு அடியில தேடினேன். அதத்தான் இப்ப யோகேஸு கேலி பண்றான். அதுக்கு நீயும் சிரிக்கிற."

மன்னிச்சிரு என்று சொன்னேன் என்று நினைக்கிறேன்.

"ஒம் மன்னிப்ப வச்சு நான் என்ன செய்ய? நாளைக்கு காலேஜுக்கு வா. இப்ப இருக்கற எச்ஓடி அம்மா நல்லவங்க. அப்பவே நோட்டு முடிச்சிருந்தேன்னு கூடப் படிச்சவங்க யாராவது வந்து சொன்னா, இந்த நோட்டுக்கே சான்று போட்டுத் தாரேன்னு சொல்லியிருக்காங்க. இல்லைன்னா பதினாலு படமும் புதுசா வரையணும், அஞ்சு நாள்ல நடக்காது. நீ திருடினேன்னு சொல்ல வேணாம். மாறிப்போச்சுன்னு மட்டும் சொல்லு. மாறிப்போச்சு, அவ்வளவுதான்."

"வாரேன்" என்றேன்.

"பத்தரைக்கு. கேட்டுல நிப்பேன்."

திரும்பி வருகிற வழியெல்லாம் அந்த 'மாறிப்போச்சு'வை மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். மாறிப்போனது என்றால் என்னுடைய நோட்டு எங்கே என்று கேட்பார்கள். என்னுடையது என்று ஒன்று இல்லை. எழுத்தில் கொடு என்பார்கள். அரசுப் பள்ளி ஆசிரியர் தேர்வில் என் நம்பர் வந்திருக்கிறது, ஜனவரியில் சான்றிதழ் சரிபார்ப்பு. அய்யா மிளகாய்க்காட்டு வரப்பில் நின்று போகிற வருகிறவரிடமெல்லாம் சொல்லி முடித்துவிட்டார். இவ்வளவும் காரணமா சாக்கா என்று பிரித்துப் பார்க்க எனக்குப் படிப்பு போதவில்லை.

திங்கட்கிழமை லீவு போட்டேன். குளித்துக் கிளம்பி டவுன் பஸ்ஸில் ஏறினேன். மழை தூறிக்கொண்டிருந்தது. கல்லூரி நிறுத்தத்தில் பஸ் நின்றபோது ஜன்னல் வழியாக அவளைப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமைப் புடவை. ஒரு கையில் குடை. நோட்டை பாலிதீன் பையில் சுற்றி நெஞ்சோடு அணைத்திருந்தாள். கண்டக்டர், "எறங்குறவங்க எறங்குங்க" என்று இரண்டு தடவை குரல் கொடுத்தார். எனக்கு முன்னால் இருந்த கிழவர் எழுந்து இறங்கினார். பஸ் கிளம்பியது. கடைசி நிறுத்தம் வரை போய் அதே பஸ்ஸில் திரும்பினேன். அப்போதும் அவள் நின்றுகொண்டிருந்தாள். போன் நாலு தடவை அதிர்ந்தது.

சாயங்காலம் செய்தி வந்திருந்தது: "வரலையா?" காய்ச்சல், நாளைக்கு வாரேன் என்று எழுதினேன். செவ்வாய்க்கிழமையும் அவள் வேலைக்குப் போகாமல் வந்து நின்றிருக்கிறாள். புதன்கிழமை அவள் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை ஐந்தாம் தேதி.

அடுத்த வாரம் பள்ளிக்கு எனக்கு ஒரு கூரியர் வந்தது. அதே பாலிதீன் பையில் நோட்டு. உள்ளே, மலருக்காக நான் வாங்கப்போய் வாங்காமல் வந்திருந்த குறிப்பு. அதே முத்தெழுத்து, கொஞ்சம் கோணியிருந்தது. எனக்கென்று தனியாக ஒரு வரியும் இல்லை. அதைப் படம் எடுத்து யோகேஸ்வரனுக்கு அனுப்பினேன்.

அவன் உடனே கூப்பிட்டான். "எல்லாரும் அரைப்பக்கம்னா ஒண்ணரைப் பக்கம் எழுதுறானுக, இவ என்ன நாலு வரி? அதுவும் கடைசி வரி மலர்ல வந்தா நல்லாருக்குமா? பாவம், வெறும் பி.எஸ்சி.ன்னு போட்டு விட்ருவோமே, எவன் சர்டிபிகேட் கேக்கப்போறான்?"

"எடுக்காத. அவ எழுதுன மாதிரியே போடு."

"நீ சொன்னாச் சரி. ஆமா, அவ வாராளா?"

"தெரியல."

"நீ வந்துருவேல்ல?"

நேற்று அச்சுக்குப் போகும் முன் பார்ப்பதற்காகப் பக்கங்களை அனுப்பியிருந்தான். அகர வரிசையில் அடுக்கியதால் எங்கள் இருவருக்கும் ஒரே பக்கம். மேலே என் போட்டோ: ரா. ராக்கு, பி.எஸ்சி., பி.எட்., ஆசிரியை. கீழே அவளுடையது. போட்டோ அனுப்பவில்லை, கட்டம் காலியாக இருந்தது.

"பெயர்: அ. ரெஜினா. ஊர்: தங்கச்சிமடம். வேலை: நண்டு கம்பெனி. படிப்பு: பி.எஸ்சி. விலங்கியல், ஒரு பேப்பர் பாக்கி."