ரிப்பீற் படிப்பித்த கதை

ஸ்போக்கன் இங்கிலிஷ் படிப்பிக்கிறது என்பது வளர்ந்த மனிதர்களை வாங்குகளில் வரிசையாக இருத்தி வெட்கப்பட வைக்கிற தொழில். அதிலே முதலில் வெட்கப்படுவது பெரும்பாலும் படிப்பிக்கிறவர்தான்.

யாழ்ப்பாணம் ரவுணில், ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் மேல்மாடியில், சனி ஞாயிறுகளில் எனக்கு வகுப்பு. வருகிறவர்கள் எல்லாரும் வேலை வெட்டி, பிள்ளை குட்டி உள்ளவர்கள். மற்ற வினைச்சொற்களை எல்லாம் ஒருமாதிரிக் கடந்துவிடுவோம். ரிப்பீற் (repeat) என்கிற அந்தச் சின்னச் சொல்லுக்கு வந்ததும் என் கால் இடறும். திரும்பச் சொல்வது, திரும்பச் செய்வது, அவ்வளவுதானே என்று நானும் ஒரு காலத்தில் நினைத்திருந்தேன். என்னைப்போல உடுப்பெல்லாம் கரும்பலகைச் சோக்குத் தூளோடு வீட்டுக்குப் போகிற சக பாவப்பட்ட சீவன்களுக்காக, நடந்தவற்றில் சிலதைச் சொல்கிறேன்.

வெட்ட வேண்டிய சொல்

தில்லையம்பலம் அண்ணை சுன்னாகச் சந்தையில் வெங்காய வியாபாரி. அவருடைய மகள் லண்டனில் ஒரு வெள்ளைக்காரரைக் கலியாணம் செய்திருந்தார். மருமகனோடு நாலு வார்த்தை கதைக்க வேண்டும் என்பதற்காகவே, அறுபது வயதில் கொப்பியும் பேனையுமாக வந்து முன்வாங்கில் இருந்தார். மருமகன் சொல்வது விளங்காவிட்டால் என்ன சொல்வீர்கள் என்று கேட்டேன். எழுந்து நின்று, "பிளீஸ் ரிப்பீற் எகெய்ன்" என்றார்.

ரிப்பீற் என்றாலே திரும்பச் சொல்வதுதான், எகெய்ன் அதற்குள்ளேயே இருக்கிறது, வெளியிலே இன்னொன்று எதற்கு என்று விளக்கினேன். பலகையில் எழுதி, எகெய்னைக் குறுக்காக வெட்டியும் காட்டினேன். வகுப்பு முழுக்கத் தலையாட்டியது. அண்ணை மட்டும் தராசு முள்ளைப் பார்க்கிற மாதிரிப் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "ரீச்சர், தமிழிலை நாங்கள் திரும்பத் திரும்ப எண்டு ரெண்டு தரம் சொல்லுறம். அதிலை ஒண்டை வெட்டச் சொல்லி இதுவரைக்கும் ஆரும் கேக்கேல்லை."

சுகந்தி காத்த ரகசியம்

சுகந்திக்கு ஒரு கம்பனியின் யாழ்ப்பாணக் கிளையில் வேலை. ஒருநாள் கொழும்பிலிருந்து மனேச்சர் போன் எடுத்தார். கிளைப் பொறுப்பாளருக்கு அடுத்த மாதம் குருநாகலுக்கு இடமாற்றம் வரப்போகிறது, அது அவருக்கே இன்னும் தெரியாது, பைல்களை ஒழுங்குபடுத்தி வையும் என்று சொல்லிவிட்டு, கடைசியில் "டோன்ற் ரிப்பீற் திஸ்" என்றாராம்.

ரிப்பீற் என்றால் இரண்டாம் தரம் சொல்வது என்று சுகந்தி என்னிடம்தான் படித்திருந்தாள். ஆகவே பக்கத்து மேசைப் பெண்ணிடம் ஒரு தரம் சொன்னாள். மற்ற யாரிடமும் மூச்சு விடவில்லை. ஆனால் தேத்தண்ணி நேரத்துக்குள் செய்தி பொறுப்பாளரின் காதுக்கே போய்விட்டது. அவர் கொழும்புக்குப் போன் எடுத்துச் சத்தம் போட்டார். திங்கட்கிழமை உம்மோடு கதைக்க வேண்டும் என்று மனேச்சர் சுகந்திக்குச் சொல்லிவிட்டார்.

சனிக்கிழமை வகுப்புக்கு வீங்கின கண்ணோடு வந்தாள். நடந்ததைச் சொன்னாள். கேட்டதை இன்னொருவரிடம் போய்ச் சொல்லுவதும் ரிப்பீற்தான் என்பதை நான் அவளுக்குச் சொல்லித்தரவே இல்லை. பிழை என்னுடையது. அதை மனேச்சருக்கு எழுதித் தருகிறேன் என்றேன். வேண்டாம், நானே சொல்கிறேன் என்று போனாள். திங்கள் முழுக்க எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. பின்னேரம் அவள் போன் எடுத்தாள். மனேச்சர் முதலில் கோபமாகத்தான் தொடங்கினாராம். அவள் மறுமொழி சொன்னாளாம். பிறகு சிரிக்கத் தொடங்கினவர் நிறுத்தவே இல்லையாம். வேலை தப்பிவிட்டது. அப்படி என்னதான் சொன்னாய் என்று கேட்டேன். "ஒண்டுமில்லை ரீச்சர். 'சேர், நான் ரிப்பீற் பண்ணேல்லை, ஒருதரந்தான் சொன்னனான்' எண்டனான்."

மருமகனின் வயிறு

ஒரு ஞாயிற்றுக்கிழமை தில்லையம்பலம் அண்ணை நல்ல சந்தோசத்தோடு வந்தார். வீடியோவில் மருமகனோடு தனியாகக் கதைத்தாராம். உங்களுக்கு வெங்காயம் பிடிக்குமோ என்று இவர் கேட்க, வெங்காயம் தன்னில் ரிப்பீற் பண்ணும் என்று மருமகன் சொன்னாராம். ஒரு தரம் சாப்பிட்டால் மறுபடியும் கேட்கிறார் என்று அண்ணை விளங்கிக்கொண்டார். உடனேயே வீட்டில் வெங்காய வடகம் போடுவித்து, லண்டனுக்குப் போகிற சொந்தக்காரர் ஒருவரிடம் இரண்டு பெரிய பொதி கொடுத்தும் விட்டார்.

எனக்கு விசயத்தை எப்படிச் சொல்வதென்றே தெரியவில்லை. சாப்பாடு ஒருவரில் ரிப்பீற் பண்ணுவது என்றால் அது நெஞ்சுக்கு ஏறி ஏப்பமாக வருவது. மருமகன் வெங்காயம் வேண்டாம் என்றுதான் நாகரிகமாகச் சொல்லியிருக்கிறார். இதைச் சொன்னதும் அண்ணையின் முகம் விழுந்துவிட்டது. வகுப்பு முடியும்வரை பேனையைத் திறக்கவில்லை. நானும் அன்றைக்கு அந்தப் பக்கம் கேள்வி கேட்கவில்லை.

மூன்று வாரம் கழித்து நிமிர்ந்த நெஞ்சோடு வந்தார். பொதி போய்ச் சேர்ந்திருந்தது. மாமனார் மனம் நோகக்கூடாது என்று மருமகன் ஒரு துண்டு கடித்துப் பார்த்தாராம். இப்போது சோறே இல்லாமலும் வடகம் பொரித்துத் தின்கிறாராம். அப்படியென்றால் ஏப்பம் வருவதில்லையா என்று விசாரித்தேன். "வருகுதாம் ரீச்சர். ஆனா இது எங்கடை வெங்காயம் எண்டதாலை பரவாயில்லையாம்."

பரீனா கேட்ட கேள்வி

பரீனா ரவுணில் தையல்கடை வைத்திருக்கிறார். தொண்ணூறில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் எல்லாரையும் போலக் குடும்பத்தோடு துரத்தப்பட்டு, புத்தளத்தில் வளர்ந்து, கலியாணத்துக்குப் பிறகு திரும்பி வந்து தொடங்கின கடை. நாலு பெண்கள் அவரோடு தைக்கிறார்கள். துணிப்பை தைத்து அனுப்பச் சொல்லி வெளிநாட்டுக் கடை ஒன்று விசாரித்திருந்தது. கடைக்காரப் பெண் வீடியோவில் நேரில் கதைத்த பிறகுதான் முடிவு. அது கிடைத்தால் அந்த நாலு பேருக்கும் வருசம் முழுக்க வேலை.

பரீனாவின் சிக்கல் வேறு. விளங்கினாலும் தலையாட்டுவார், விளங்காவிட்டாலும் தலையாட்டுவார். திரும்பச் சொல்லுங்கோ என்று கேட்க அவருக்குக் கூச்சம். கட்டாயப்படுத்தினால் "ரிப்பீற் மீ" என்பார். அது உங்களையே இன்னொருதரம் செய்து தரச் சொல்லிக் கேட்கிற மாதிரி, மீயை விட்டிட்டு, குட் யூ ரிப்பீற் தற் பிளீஸ் என்று கேளுங்கோ என்று பழக்கினேன். தைக்கும்போதும் அதையே சொல்லிச் சொல்லி, கூடத் தைக்கிற பெண்களுக்கும் பாடமாகிவிட்டதாம்.

குறித்த நாளில் தகவல் ஒன்றும் இல்லை. அடுத்த சனி, வகுப்பு தொடங்கி அரை மணித்தியாலம் கழித்துத்தான் படியேறி வந்தார். கையில் எல்லாருக்கும் தொதல் இனிப்பு, ஓடர் கிடைத்துவிட்டதாம். அந்தக் கடைக்காரப் பெண் மூச்சு விடாமல் கெதியாகக் கதைத்தாராம். இவர் ஏழு தரம் அந்தக் கேள்வியைக் கேட்டாராம். ஏழு தரமா, அவ கோபப்படவில்லையா என்றேன். பரீனா தொதலை என் கையில் வைத்தார். "இல்லை ரீச்சர். அவ இத்தாலிக்காரியாம். தன்ரை இங்கிலிசு சரியில்லை, மன்னிச்சுக்கொள்ளுங்கோ எண்டு அவதான் என்னட்டைக் கேட்டவ."

அகராதியில் இரண்டே வரியில் கிடக்கிற ஒரு சொல்லை அரை மணித்தியாலத்தில் முடித்துவிடலாம் என்று நம்பி இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு என் மனமார்ந்த அனுதாபங்கள்.