குந்தாத வண்டி

என் கையெழுத்தைப் பார்த்து யாரும் சிரிக்க வேண்டாம். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதன் பிறகு இந்தக் கை பிடித்ததெல்லாம் சம்மட்டியும் ஸ்பேனரும்தான். ல, ள, ழ மூன்றும் என் வாயில் ஒன்றாகத்தான் வரும். எழுத்திலும் இடம் மாறியிருக்கும். அந்தத் தப்புகளைத் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். நான் சொல்ல வந்த தப்பு வேறு.

செஞ்சியில் திண்டிவனம் போகிற ரோட்டில் இருக்கும் என் பட்டறையின் சுவரில் இரண்டு இரும்புப் பட்டைகள் சாய்ந்து நிற்கின்றன. ஜீப்பின் பின் அச்சில், வில்போல வளைந்த பட்டைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, நடுவில் போல்ட் போட்டு இறுக்கியிருப்பார்கள். பாரத்தைத் தாங்குவதும் மேடு பள்ளத்தின் இடியை வாங்கிக்கொள்வதும் அந்தக் கட்டுதான். ஆனால் இந்த இரண்டும் வளைவில்லாத நேர் பட்டைகள். நானே வெட்டி, காய்ச்சி, எண்ணெயில் தோய்த்து எடுத்தவை. வண்டியில் அவை ஒன்பது நாள்தான் இருந்தன. அவற்றைக் கழற்றிய நாளைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

வண்டி ஒரு குவாரி முதலாளியுடையது. நான்கு சக்கரமும் இழுக்கிற பழைய ஜீப். பாறைமேல் வெட்டிய பாதையில் டீசல் பேரல், துளை போடும் கம்பிகள், கல்லுடைக்கும் ஆட்கள் என்று ஏற்றிக்கொண்டு மேலே போகும். இறக்கிவிட்டுக் காலியாகக் கீழே வரும். ஒரு நாளைக்கு ஐந்தாறு நடை. ஏற்றக்கூடிய பாரத்தைப் போல இரண்டு பங்கு ஏற்றினால் எந்த ஜீப்பும் பின்பக்கம் தாழத்தான் செய்யும். முதலாளிக்கு அதுதான் பொறுக்கவில்லை. பாரம் அதிகம் என்று பார்க்கிறவன் கண்டுபிடித்துவிடுவான் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணத்தை அவரே சொன்னார்.

“வண்டி குந்துனா ஆளே குந்திட்டான்னு ஊர்ல பேசுவானுங்க. என் வண்டி எவன் முன்னாடியும் குந்தக்கூடாதுய்யா.”

எங்கள் பக்கம் உட்காருவதைக் குந்துவது என்போம். அந்தச் சொல் அவர் வாயில் வெற்றிலைச் சாற்றோடு வந்து என் பட்டறைத் தரையில் விழும். நான் எதிரே நின்று தலையை ஆட்டுவேன். வெள்ளைச் சட்டை போட்ட மனிதர் யார் முன்னால் நின்றாலும் எனக்குத் தலைதான் ஆடும், வாய் திறக்காது. சிறு வயதிலிருந்தே அப்படி.

லாரியில் கழற்றிப் போட்ட தடிமனான பட்டைகளை ஜீப்பின் நீளத்துக்கு வெட்டி, பக்கத்துக்கு இரண்டாக அந்தப் பட்டைக் கட்டோடு சேர்த்தேன். வண்டியின் பின்பக்கம் நாலு விரல் எழும்பி நின்றது. எங்கள் தொழிலில் இதற்கு ஒரு பரீட்சை உண்டு. பின் பம்பரில் ஆள் ஏறி நின்று குதிக்க வேண்டும். வண்டி அசையாவிட்டால் வேலை சுத்தம் என்று பெயர். முதலாளி கைக்குட்டையால் பம்பரைத் துடைத்துவிட்டு ஏறிக் குதித்தார். கனத்த உடம்பு. வண்டி கல்போல நின்றது. “அசையல பாரு!” என்று ரோட்டில் போகிறவர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். அசையாத வண்டியில் இடி எங்கே போகும் என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. எனக்குத் தெரியும். நானும் சொல்லவில்லை.

அந்த இடி ஜீப்பை ஓட்டிய டிரைவர் அண்ணனின் முதுகுக்குப் போனது. தொண்டூர்க்காரர். ஒல்லியாக, நெடுநெடுவென்று இருப்பார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். வரும்போதெல்லாம் மடியில் அவித்த மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, கொண்டுவந்து என் பட்டறைக் கல்லின்மேல் கொட்டுவார். நான் பேசமாட்டேன் என்பது தெரிந்து, எனக்கும் சேர்த்து அவரே பேசிவிட்டுப் போவார். பட்டை சேர்த்த ஒரு மாதத்தில் அவர் வண்டியிலிருந்து இறங்கும் விதம் மாறியது. முதலில் ஒரு காலை வைத்து, கதவைப் பிடித்து, மூச்சை அடக்கிக்கொண்டு, பிறகு மற்றக் காலை இறக்குவார்.

“ஏறும்போது பல்லக்குல போறேன் தம்பி. எறங்கும்போது உரல்ல போட்டு இடிக்கிறான்” என்று சிரித்தார்.

பாரம் இருந்தால் தடித்த பட்டை கொஞ்சமாவது வளைந்துகொடுக்கும். காலி வண்டிக்கு அது வளையவே வளையாது. ஒவ்வொரு கல்லும் சீட்டு வழியாக நேராக இடுப்பில் ஏறும். அண்ணன் தன் வீட்டுக்காரம்மாவின் பழைய புடவையை நாலாக மடித்து, இடுப்பைச் சுற்றி இறுக்கிக்கொண்டு ஓட்டினார். பிறகு, காலியாக இறங்கும்போது வண்டி கொஞ்சம் மெத்தென்று வரட்டும் என்று இரண்டு மணல் மூட்டைகளைப் பின்னால் போட்டுக்கொண்டார். முதலாளி பார்த்துவிட்டார். “டீசல் இன்னா உங்கப்பன் வூட்டுதா?” என்று மூட்டைகளைத் தன் காலாலேயே தள்ளினார். இதையும் அண்ணன் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

முதலாளி மாலை போட்டுக்கொண்டு மலைக்குப் போன சமயம் ஒரு நாள் மத்தியானம் அண்ணன் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். அன்றைக்கு மல்லாட்டை இல்லை. கதவைப் பிடித்தபடி நின்றுகொண்டே கேட்டார்.

“இதுக்கு ஒண்ணுமே பண்ண முடியாதா தம்பி? சர்ச்சுல முட்டி போட முடியல. வூட்ல சோத்துக்குக் குந்த முடியல. நின்னுகினே துன்றேன், மாடு மாதிரி.”

முடியும் என்று எனக்கு முதல் நாளே தெரியும். லாரிப் பட்டைகளைக் கழற்றிவிட்டு, கட்டின் அடியில் பக்கத்துக்கு ஒரு நேர் பட்டையைப் போட வேண்டும். காலி வண்டியில் அது சும்மா கிடக்கும். பாரம் ஏறி மேல் பட்டைகள் தாழ்ந்து வந்து அதைத் தொட்ட பிறகுதான் அது தாங்கத் தொடங்கும். பாரத்துக்கு விறைப்பு, காலிக்கு மெத்து. செய்து கொடுத்தேன். அண்ணன் ஒரு நடை போய்வந்து, இறங்காமலே ஹாரன் அடித்தார். “தம்பி! தொட்டில் தம்பி, தொட்டில்!” என்று கத்தினார். ஒன்பது நாளும் அதே பாரம் ஏறியது, அதே ஆட்கள் ஏறினார்கள். யாருக்கும் எந்தக் குறையும் இல்லை.

காலி வண்டி மட்டும் முன்பு நின்றதைவிட இரண்டு விரல் தாழ்ந்து நின்றது.

மலையிலிருந்து திரும்பிய முதலாளி, அண்ணனை ஓட்டச் சொல்லி, அந்த ஜீப்பிலேயே நேராக என் பட்டறைக்கு வந்தார். செருப்பில்லாத கால், நெற்றி நிறைய விபூதி. என் கையில் பிரசாதம் வைத்தார். வைத்த அதே கையை வண்டிப் பக்கம் நீட்டினார்.

“இன்னாய்யா இது, நாய் குந்துன மாதிரி குந்திகினு இருக்குது? எவன் மாத்தச் சொன்னான்?”

அண்ணன் என் பக்கத்தில்தான் நின்றிருந்தார். நான் சொல்ல வேண்டியது ஒரு வரி. நான்தான் மாற்றினேன், அதுதான் சரி. அந்த வரி தொண்டை வரைக்கும் வந்தது. வாயில் பிரசாதம் இனித்துக்கொண்டிருந்தது. அதை விழுங்கிவிட்டு நான் சொன்னது:

“டிரைவர் அண்ணன்தான் சொன்னாரு.”

முதலாளி அண்ணன் பக்கம் திரும்பினார். “ஓகோ. இப்ப முதலாளி நீயா, நானா? முதுகு வலின்னா வூட்டோட இருந்துக்க. ஓட்டுறதுக்கு ஆளா இல்ல?”

வீட்டில் அவர் ஒருவர் சம்பாத்தியம்தான். முதலாளிக்கு அது தெரியும், எனக்கும் தெரியும். அண்ணன் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் எனக்கு மனசு கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். “கழட்டு தம்பி. நீ இன்னா பண்ணுவ” என்று சொல்லிவிட்டு, ஜாக்கியை அவரே எடுத்துவந்து வண்டிக்கடியில் வைத்தார். லாரிப் பட்டைகளைத் திரும்ப ஏற்றி முடிக்கும் வரைக்கும், வலிக்கிற இடுப்போடு எனக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தார். முதலாளி மறுபடியும் பம்பரைத் துடைத்தார், ஏறிக் குதித்தார். “இப்பத்தான் ஆம்பள மாதிரி நிக்குது” என்றார். எனக்கு அவர்மேல் அருவருப்பாக இருந்தது. ஆனால் போல்ட்டை முறுக்கியது என் கை. மண்ணெண்ணெய் போட்டுக் கழுவினேன், சோப்புப் போட்டுக் கழுவினேன். கையில் கிரீஸ் வாடை போய்விட்டது. பிரசாதத்தின் நெய் வாடை மட்டும் போகவில்லை. அன்று ராத்திரி சோற்றில் கை வைக்க முடியாமல் ஸ்பூனில் சாப்பிட்டேன்.

அடுத்த மழைக்காலத்தில் ஒரு நாள் அண்ணனால் சீட்டிலிருந்து எழுந்திருக்க முடியவில்லை. கல்லுடைக்கும் ஆட்கள்தான் தூக்கி இறக்கினார்களாம். மறுநாளே வேறு டிரைவர் வந்தான். போய்ப் பார்க்க வேண்டும் என்று பலமுறை சைக்கிளை எடுத்தேன். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய்த் திரும்பிவிடுவேன். என்ன முகத்தோடு போவது? பிறகு முதலாளி புது வண்டி வாங்கினார். ஜீப் காயலான் கடைக்குப் போனது.

போன வாரம் ஒரு சாவுக்காகத் தொண்டூர் பஸ்ஸில் ஏறினேன். கூட்டமில்லை. முன்னால் ஒருவர் மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. வேட்டிக்குமேல் ஒரு பழைய புடவை இறுக்கிச் சுற்றியிருந்தது. கண்டக்டர், “இவ்ளோ சீட்டு காலியா இருக்குது, குந்தேன் பெருசு” என்றார்.

“நான் குந்தாத வண்டி ஓட்டுனவன்பா. எனக்கு எதுக்கு சீட்டு?”

பஸ்ஸில் நாலு பேர் சிரித்தார்கள். அவரும் சிரித்துக்கொண்டே திரும்பினார், என்னைப் பார்த்துவிட்டார். “அட, நம்ம தம்பி! இன்னா, அந்தத் தொட்டில் பட்டைங்க இருக்குதா, காயலான் கடைல போட்டுட்டியா?”

இருக்கிறது என்று தலையை மட்டும் ஆட்டினேன். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. எழுந்து அவர் பக்கத்தில் போய் நானும் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். “நீ குந்து தம்பி, உனக்கு இன்னா” என்றார். தொண்டூர் வரும்வரைக்கும் இரண்டு பேரும் நின்றுகொண்டே போனோம். அவர்தான் பேசிக்கொண்டு வந்தார், எனக்கும் சேர்த்து.

இன்று பட்டறையைத் திறந்ததும் அந்த இரண்டு பட்டைகளையும் சுவரிலிருந்து எடுத்து, துருவைத் தேய்த்து, எண்ணெய் போட்டு வைத்தேன். மாட்டுவதற்கு அந்த வண்டியும் இல்லை. மாட்டினாலும் ஒரு முதுகு திரும்ப வராது. வாயால் சொல்லாததைக் கையாலாவது எழுதிவிட வேண்டும் என்றுதான் இந்தக் கோணல் எழுத்து. முதலாளி, கேட்டுக்கொள்ளுங்கள்: அண்ணன் மாற்றச் சொல்லவில்லை. முடியுமா என்றுதான் கேட்டார். நான்தான் மாற்றினேன். அதுதான் சரி.

மாசி மாதம் பதினோராம் தேதி, செவ்வாய்க்கிழமை.