ஆண் மரத்துக்கு ஈடாக என் வீட்டுத் தூண்கள்

என் மனைவி சேருவையாவின் வேலை, இரண்டு மரங்களுக்குக் கல்யாணம் செய்து வைப்பது. அந்த இனத்தில் ஆண் தனி, பெண் தனி. பெண் மரம் எங்கள் கொல்லையில். ஆண் மரம் ஆற்றுக்கு அக்கரையில், அந்த ஊர்க்காரன் ஐசாக்கேயின் நிலத்தில். ஃபிஜி முழுக்கத் தேடியாயிற்று, வேறெங்கும் இல்லை. பதினோரு வருஷமாகப் பூக்கும் காலத்தில் ஒரு தூரிகையும் தீப்பெட்டியுமாக ஆற்றைக் கடந்து மகரந்தம் எடுத்து வருவாள். எனக்குக் காய்ச்சல் கண்ட அன்றும் போனாள்.

புயலில் ஐசாக்கேயின் வீடு போயிற்று. புது வீட்டுக்குத் தூண் வேண்டும், அந்த ஆண் மரத்தை வெட்டப்போகிறான் என்று செய்தி வந்தது. வெட்ட வேண்டாம் என்று வனத்துறைக்காரர் கடிதம் எழுதினார். நிலம் அவனுடையது. கடிதத்தில் அடுப்பு மூட்டினான்.

அவன் ஊரும் எங்கள் ஊரும் தௌவு முறை. இரண்டுக்கும் ஒரே குலதெய்வம். ஒருவரையொருவர் வாய்க்கு வந்தபடி திட்டலாம், பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம். யாரும் கோபப்படக் கூடாது. சேருவையா கிளம்பினாள். நானும் பின்னால் போனேன்.

"டேய் வௌவால் மூஞ்சி, அந்த மரம் இனிமே என்னுது."

ஐசாக்கே கோடாரியைக் கீழே வைத்தான். "எடுத்துக்கோடி விலாங்கு வாயி. இப்பவே தூக்கிட்டுப் போ."

"நான் தூக்க வர்ற வரைக்கும் அங்கேயே நிக்கட்டும்."

எல்லோரும் சிரித்தார்கள், அவனும்தான். திரும்பும் வழியில்தான் அவளுக்கு உறைத்தது: பதிலுக்கு அவனும் எதையாவது எடுக்கலாம். பெண் மரத்தையே எடுக்கலாம். முன்பே சொல்லியிருப்பேன், என்னை யார் கேட்டார்கள்? மூன்று நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

நான்காம் நாள் ஆறு ஆட்களோடு வந்தான். நேராகக் கொல்லைக்குப் போய்ப் பெண் மரத்தைத் தட்டிப் பார்த்தான். அண்ணாந்து பார்த்தான். சேருவையாவின் நகம் என் கையில் பதிந்தது.

"கோணலா இருக்கே, உன் புருஷன் மாதிரி. இது எதுக்கு ஆகும்?" என்று திரும்பினான். "உன் வீட்டுத் தூணு நல்லாருக்கு. வெசி மரந்தானே?"

என் அப்பா நட்ட தூண்கள், இரும்பு போல உறுதியான வெசி மரம். மத்தியானத்துக்குள் கூரை தரைக்கு வந்தது. முறைப்படி நான் கோபப்படவில்லை. பிடுங்கியவர்களுக்கு மரவள்ளிக்கிழங்கும் தேநீரும் கொடுத்தேன்.

சேருவையா அழுதுகொண்டே சிரித்தாள். கடைசித் தூணின் ஒரு முனையைத் தன் தோளில் ஏற்றிக்கொண்டு, அவர்களோடு ஆறு வரைக்கும் நடந்தாள். கல்யாணமாகி இருபது வருஷத்தில் அவளை இவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததில்லை.