திரையில் வேறொருத்தியின் குரல்

மூன்று மாதமாகக் குரல் கரகரத்தது. மல்லித்தண்ணீர் குடித்துச் சமாளித்தேன். தேவாலயத்தில் ஞாயிறு பூசையில் வாசகம் வாசிக்கும்போது பாதியில் குரல் நின்றுவிட்ட பிறகுதான் பயம் பிடித்தது. நீங்கள் என்னைப்போல் இழுத்தடிக்காதீர்கள்.

ஜெர்மனியில், டுசல்டோர்ஃபில் ஒரு மருத்துவமனை. குரல்வளைப் (மூச்சுக்குழாயின் மேல்முனை, குரல் பிறக்கும் இடம்) புற்றுநோய் என்றார் டாக்டர். "முழுதாக எடுக்கவேண்டும். பிறகு கழுத்தில் ஒரு துளை வழியாகத்தான் மூச்சு விடுவீர்கள்."

என் மகளுக்கு அப்போது இரண்டு வயது. அவளுக்கு என் குரல் நினைவிருக்குமா? அது ஒன்றுதான் என் கவலை.

அடுத்த கட்டிலில் பிரிட்டிஷ் நடிகை ஒருவர், எழுபது தாண்டியவர். அதே அறுவை முடிந்திருந்தது. சிறு பலகையில் ஜெர்மனில் எழுதிக் கதைத்தார். லண்டன் நாடக மேடையில் தொடங்கி, ஒரு படப்பிடிப்புக்காக இங்கே வந்து, ஒளிப்பதிவாளரையே கட்டிக்கொண்டு தங்கிவிட்டவர். முப்பது படங்களுக்கு மேல். கதாநாயகியின் அக்கா, தாதி, கொலையாகும் மனைவி. "ஏழு தடவை செத்திருக்கிறேன்" என்று எழுதிக் கண்ணடித்தார்.

ஒரு பிற்பகல் தொலைக்காட்சியில் அவருடைய பழைய படம் போனது. திரையில் இளம்பெண்ணாக ஜெர்மனில் பொரிந்து தள்ளினார். கட்டிலில் அவருடைய உதடுகள் ஆங்கில வசனத்தைச் சத்தமில்லாமல் சொல்லிக்கொண்டிருந்தன.

"அது வேறொருத்தியின் குரல்," என்று எழுதினார். "இங்கே வந்த எந்தப் படத்திலும் என் குரல் இல்லை; ஜெர்மனில் எனக்காக வேறு ஆள்தான் பேசுவார்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவருக்காகவா எனக்காகவா என்று தெரியவில்லை.

அறுவைக்கு முதல்நாள் என் கணவர் ஒலிப்பதிவுக் கருவியோடு வந்தார். "ஒரு செபம் சொல்லும், பிள்ளைக்கு இருக்கட்டும்."

சொன்னேன். நான் ஒப்பித்த தொனியைக் கேட்டே நடிகை தலையசைத்து மறுத்து, பலகையில் எழுதினார். "அது வசனம். பிள்ளையை எப்படிக் கூப்பிடுவாய்?"

"குஞ்சு, ஓடி வா, சோறு ஆறுது," என்றேன். கணவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அறுவை சரியாக முடிந்தது. பேச்சு வால்வு (மூச்சுக் காற்றை உணவுக்குழாய்க்குள் விட்டு ஒலி எழுப்ப உதவும் சிறு கருவி) பொருத்தினார்கள். துளையை விரலால் பொத்தினால் தகரம் உரசுவதுபோல் ஒரு குரல் வரும். நோய் நுரையீரலுக்குப் பரவி, நடிகை அந்தக் கோடையிலேயே போய்விட்டார்.

மகளுக்கு ஐந்து வயதானபோது அந்த ஒலிநாடாவைப் போட்டோம். அசையாமல் கேட்டாள்.

"அம்மா, ஆர் இந்த அன்ரி?"

நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். மூன்று வருடத்துக்கு முந்திய அந்தப் பெண் எனக்கே யாரோபோல் இருந்தாள்.

"நான் சாப்பிட்டிட்டன் எண்டு அவவுக்குச் சொல்லுங்கோ," என்றாள் மகள்.

துளையைப் பொத்திக்கொண்டு, "சொல்லுறன்," என்றேன்.