பதில் வராத பெட்டிகள்

என் தங்கைக்கு ஆபீசில் துடைப்பக்காரி என்று பெயர். முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள். ஒருநாள் வீடியோ மீட்டிங்கில் மைக்கை அணைக்க மறந்த ஒருவன் சொன்னது, வீட்டில் அவள் மேசையின் மறுபக்கம் பேன்ட்டுக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்த எனக்கே கேட்டது. கோபத்தில் மிதித்த மிதியில் தையல் ஊசி உடைந்தது. அவளோ ஒன்றும் கேட்காதவள் போல மீட்டிங்கில் தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். கூடத்தில் ஒரே மேசை. அந்தப் பக்கம் அவள் கணினி, இந்தப் பக்கம் என் மெஷின். அதனால் அவள் வேலை எனக்கும் பாதி தெரியும். அவள் கம்பெனியில் ஆயிரக்கணக்கில் ரெப்போக்கள். ரெப்போ என்றால் ஒரு மென்பொருளின் நிரல் மொத்தமும் கிடக்கும் பெட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆளாளுக்கு ஒன்றைத் திறப்பார்கள், நாலு நாள் எழுதுவார்கள், அப்படியே போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து மூடிக் கை ஓய்ந்துபோய், இவளே ஓர் இணையப் பக்கம் எழுதினாள். எல்லாப் பெட்டிகளும் அதில் வரிசையாகத் தெரியும். வேண்டியதையெல்லாம் டிக் செய்து ஒரே அமுக்கில் பெயர் மாற்றலாம், பூட்டலாம், அழிக்கலாம். அதற்குத் துடைப்பம் என்று பெயர் வைத்ததும் இவள்தான். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்றால் இதுதான்.

துடைப்பம் வந்ததும் குப்பை முழுக்க இவள் தலையில் விழுந்தது. புதிதாக ஏதாவது எழுத ஆசைப்பட்டு வேலைக்குச் சேர்ந்தவள் வருடக்கணக்காகப் பெருக்கிக்கொண்டிருந்தாள். மேலாளர் ஒரு பட்டம் மட்டும் கொடுத்தார்: களஞ்சியப் பராமரிப்பு நிபுணர். துடைப்பக்கட்டைக்குப் பட்டுக்குஞ்சம்.

இந்த வருடம் ஒரு வழி தெரிந்தது. வரைபடச் செயலி எழுதும் குழுவில் ஓர் இடம் காலியானது. தன்னை அங்கே மாற்றச் சொல்லிக் கேட்டாள். இரண்டு வருடமாக யாரும் கைவைக்காத ரெப்போக்களை எல்லாம் அழித்து இடத்தைக் காலி செய்துவிட்டுப் போகலாம் என்றார் மேலாளர். நகல் எடுத்து வைத்தால் அதுவும் இடத்தை அடைக்கும், வேண்டாம் என்றார். விதியும் அவர் போட்டதே: ஒவ்வொரு பெட்டியின் உரிமையாளருக்கும் மூன்று முறை அறிவிப்பு போகும். பதில் வராவிட்டால் வேண்டாம் என்று அர்த்தம்.

துடைப்பம் அறிவிப்புகளை அனுப்பியது. கிணற்றில் போட்ட கல். போன் செய்தால் ஒருவர் லீவு, ஒருவருக்கு அப்படி ஒரு பெட்டி இருப்பதே நினைவில்லை. சாப்பிடும்போதெல்லாம் இவளுக்கு அதே புலம்பல்.

"வேணும், வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்னக்கா கேடு இவங்களுக்கு?"

போதாக்குறைக்கு ஒவ்வொரு அறிவிப்பின் நகலும் இவளுக்கே வந்து, போன் ஓயாமல் கத்தியது. எரிச்சலில் துடைப்பத்திலிருந்து வருவது எதுவும் கண்ணில் படாதபடி செய்துவிட்டாள். எனக்கும் நிம்மதியாக இருந்தது, பொய் சொல்வானேன்.

வெள்ளிக்கிழமை மதியம், பதில் வராத பெட்டிகளை எல்லாம் டிக் செய்து அழித்தாள். பட்டியல் காலியானது. நான் டீ போட எழுந்தேன். திரும்பி வந்தபோது திரை வெள்ளையாக இருந்தது. மறுபடி திறந்து பார்த்தாள். துடைப்பத்தையே காணோம்.

அதுவும் ஒரு ரெப்போவில்தான் இருந்திருக்கிறது. ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்ததால் இரண்டு வருடமாக இவள்கூட அதைத் தொடவில்லை. உரிமையாளர் என்று இவளுக்கு மூன்று அறிவிப்பும் வந்திருக்கிறது, கண்ணில் படாத அந்தக் குவியலுக்குள். நகல் இருந்த பழைய கணினியைப் போன வருடமே ஆபீஸ் திரும்ப வாங்கி உள்ளே இருந்ததையெல்லாம் துடைத்துவிட்டது. ஊருக்குத்தான் உபதேசம் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் கண்ணைப் பார்த்ததும் டீயை வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்தேன். அந்தப் புதுக் குழு கைநழுவிப் போவது அவளுக்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

அவளே மேலாளருக்குப் போன் செய்து சொன்னாள். ஸ்பீக்கரில் அவர் குரல் சாவகாசமாக வந்தது.

"பரவால்ல. நீங்க எழுதினதுதானே, மறுபடி எழுதிடுங்க. அது முடியட்டும், குழு மாத்தறதை அப்புறம் பாத்துக்கலாம்."

வழக்கம்போல இவள் சரி சார் என்றுதான் சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் டீயை ஒரு வாய் குடித்தாள்.

"பதில் வரலைன்னா வேண்டாம்னு அர்த்தம்னு நீங்கதான் சொன்னீங்க, சார். மூணு தடவை கேட்டிருக்கு. நான் பதில் சொல்லலை. எனக்கு அது வேண்டாம். திங்கட்கிழமை அந்தக் குழுவுக்குப் போறேன்."

மறுமுனையில் சத்தமே இல்லை. இத்தனை வருடமாக இவள் எல்லோரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்ட அதே மௌனம். கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்தாள். பதில் வரவில்லை. சம்மதம் என்று எடுத்துக்கொண்டு போனை வைத்தாள்.