ஒரே ஊர் என்று சொல்லிவிட்டேன்

போன கோடையில் அரியலூரிலிருந்து கடற்காற்று வாங்கத் தரங்கம்பாடிக்குப் போயிருந்தேன். அங்கே ஒரு ஹோட்டல் வாசலில் என் தங்கையின் கணவர் நாயனம் வாசித்துக்கொண்டிருந்தார். அதைக் கேட்க நின்ற கூட்டம்தான் உள்ளே சாப்பிடப் போயிற்று.

வாசிப்பு முடிந்ததும், "மாப்புள, வாங்க, சேந்து சாப்புடுவோம்" என்றேன்.

முதலாளி குறுக்கே வந்தார். "நாயனக்காரங்களுக்குக் கொல்லையில எல போட்டிருக்கு. நீங்க உள்ள வாங்க சார். அவரு ஒங்களுக்குச் சொந்தமா?"

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். கூச்சத்தில், "இல்லீங்க, ஒரே ஊரு" என்று சொல்லிவிட்டேன்.

மாப்பிள்ளை சிரித்தார். "போய்ச் சாப்புடுங்க ஊர்க்காரரே, சாம்பார் ஆறிடப் போவுது!" என்று சொல்லிவிட்டு கொல்லையிலிருந்த மாட்டுக்கொட்டகைப் பக்கம் நடந்தார்.

நான் உள்ளே உட்கார்ந்து சாப்பிட்டேன். அந்தச் சோறு இன்னும் வயிற்றில் எரிகிறது. கூட்டம் சேர்க்க நாயனம் வேண்டுமாம், வாசித்தவர் உள்ளே உட்காரக் கூடாதாம். என்ன மானங்கெட்ட வியாபாரம்! அதைவிட மானங்கெட்டவன் நான்.

இப்போது எந்த ஹோட்டலிலும் உட்காருவதற்கு முன், "நான் நாயனக்காரர் வூட்டு ஆளுங்க, எனக்கு எங்க எல?" என்று கேட்டுவிடுகிறேன். இதுவரை மூன்று இடங்களில் கொல்லையைக் காட்டினார்கள். மூன்று இடங்களிலிருந்தும் பசியோடு திரும்பினேன்.