இலையின் அடிப்பக்கம்

வெள்ளவத்தையில் ஒரு மிஸ்ஸோடு சேர்ந்து கித்துள் மரத்தை ஆராய்ச்சி செய்தவன் நான் என்று கொட்டாஞ்சேனை ஓட்டோ ஸ்டாண்டில் சொல்லித் திரிகிறேன். பொய். நான் அவரை ஏற்றி இறக்குகிற ஓட்டோக்காரன். ஐந்தாம் வகுப்பிலேயே பள்ளிக்கூடமும் நானும் ஒருவரையொருவர் மன்னித்துப் பிரிந்துவிட்டோம். ஆனால் அந்த நிறமில்லாத கியூடெக்ஸ் நகப்பூச்சுப் போத்தலைப் பிடித்த கை என்னுடையதுதான்.

மிஸ் தாவரவியல் படிப்பித்து ஓய்வுபெற்றவர். கடலைப் பார்த்த பல்கனியில், சாடிகளில் கித்துள் கன்றுகள் வளர்த்தார். பூவைச் சீவினால் இனிப்புப் பாணியும், நடுத்தண்டை இடித்தால் மாவும் தருகிற பனைச்சாதி மரம். மழை குறைந்த ஊரில் அது தாக்குப்பிடிக்குமா என்பதே அவர் கேள்வி. சில கன்றுகளுக்குத் தண்ணீரை நிறுத்திவிட்டு, இலை தன் வாய்களை மூடுகிறதா என்று பார்ப்பார். இலைக்கு வாயா என்று நான் சிரித்தேன். இலையில் கியூடெக்ஸ் பூசி, காய்ந்ததும் செலோடேப்பால் உரித்துக் கண்ணாடித்துண்டில் ஒட்டினால் இலைவாய்களின் அச்சு அப்படியே வந்துவிடும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு காவற்கலங்கள், உதடுகள் போல. திறந்தால் மூச்சு, மூடினால் தண்ணீர் மிச்சம்.

மிஸ்ஸுக்குக் கண்ணில் அழுத்தம். ஒரு கண் ஏற்கனவே போய்விட்டது. மற்றதற்கு ஒப்பரேஷன், பார்வை மிஞ்சும் என்று டொக்டர் உறுதி சொல்லவில்லை. அதற்குமுன் கடைசிக் கன்றின் இலையைப் பார்த்து வரைந்துவிட வேண்டும் என்று துடித்தார். ஒப்பரேஷனுக்கு முதல்நாள் காலை போத்தலை என்னிடம் நீட்டினார். “நீ பூசு தம்பி,” என்றார்.

பூசினேன். கலியாணத்துக்குப் போகிற பெண்ணின் நகம்போல இலை மினுங்கியது. மிஸ் நுணுக்குக்காட்டியில் கண்ணை வைத்துத் திருகினார். மறுபடியும் திருகினார். கீழே ரயில் கடந்து போனதும் கண்ணை எடுத்தார்.

“ஒரு வாயும் தெரியேல்லை. முடிஞ்சுது தம்பி. கண் போட்டுது.”

செத்தவீட்டிலும் பகிடி விடுகிறவன் நான். அன்று பகிடியை விட்டுவிட்டு, நானே குனிந்து பார்த்தேன்.

“மிஸ், எனக்கு ரெண்டு கண்ணும் நல்லா இருக்கு. எனக்கும் செங்கல் சுவர் மாதிரித்தான் தெரியுது.”

அவர் நிமிர்ந்தார். “எந்தப் பக்கம் பூசினனீ?”

“மேல்பக்கம்தான். அடிப்பக்கத்துக்கு யாராவது கியூடெக்ஸ் பூசுவாங்களா?”

“அட விசரா! வாயெல்லாம் அடிப்பக்கத்திலதானடா!”

சிரித்தார். அந்தச் சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது. அடிப்பக்கம் பூசி உரித்தோம். அவை இருந்தன, இறுக மூடிக்கொண்டு. சாப்பிடாமல் இருந்து வரைந்து முடித்தார்.

ஒப்பரேஷன் கண்ணைக் காப்பாற்றவில்லை. வெளிச்சமும் நிழலும்தான் இப்போது அவருக்கு. கட்டு அவிழ்த்த அன்று என் ஓட்டோவில் வீடு வந்தவர், வாசலில் இறங்கியதும் கேட்டது ஒன்றுதான்: திரும்பத் தண்ணீர் ஊற்றினால் அந்த வாய்கள் திறக்குமா? கேட்டுவிட்டு, பார்க்க ஆளில்லையே என்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்போது நான் சொன்னது என்னவென்றால்—

நான் இதை எழுதிக்கொண்டிருக்க, பல்கனியிலிருந்து மிஸ் கூப்பிடுகிறார்: “தம்பி, எழுதினது காணும், நிப்பாட்டு. தண்ணி ஊத்தின கன்றின்ர இலையில பூச்சு காஞ்சிட்டுது, வந்து பார். நீ சொல்லு, நான் கேக்கிறன்.”